மலைச்சரிவில் வீடு கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 980,000 ரூபா மண்ணோடு போனது

மலையகத்தில், குறிப்பாகத் தோட்டக் காணியில், சரிவான நிலத்தில் வீடு கட்டுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள். சமூக ஊடகத்தில் பக்கம் நடத்தி, நகரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் வைத்து, அத்திவாரம் முதல் சாவி வரை எல்லாம் நாங்களே என்று விளம்பரம் செய்யும் ஒரு கட்டுமான நிறுவனம், எங்கள் குடும்பத்திடம் 980,000 ரூபாவை வாங்கிக்கொண்டு, சித்திரை மாதத்து ஒரு மாலை மழைக்கே சாய்ந்துவிட்ட சுவரைக் கட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது தொலைபேசியைக் கூட எடுக்காமல் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி ஒருவர் சொன்னதால் எழுதவில்லை. நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். வீடு கட்டுபவர்களுக்கான ஆலோசனைகளையும் கடைசியில் தருகிறேன்.

அந்த 980,000 ரூபா யாருடைய காசு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அம்மா கொழுந்து பறித்த காலமெல்லாம் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதிதான் அதில் பெரும்பகுதி. கொழும்பில் கட்டட வேலைத்தளங்களில் கம்பி வளைக்கும் தம்பி அனுப்பியது ஒரு பகுதி. மிச்சம், அடகுக் கடையில் இன்றும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என் சங்கிலி.

எங்கள் காணி ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருக்கும் 7 பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி என்பதால், காகிதத்தில் அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஆனால் சரிவில் கிடக்கும் 1,900 சதுர அடியில் வீட்டுக்கென்று எவ்வளவு மிஞ்சும் என்பது மண்ணை வெட்டிய பிறகுதான் தெரியும். மேற்பக்கம் வெட்டினால் அந்த வெட்டுமுகத்தைத் தாங்கக் கல்கட்டு, அதாவது கல்லால் கட்டிய தாங்கு சுவர், வேண்டும். கல்கட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் வடியும் கான் ஓட இடம் விட வேண்டும். கீழ்ப்பக்கம் நிரப்பிய மண்ணின் மீது தூண் எதுவும் வந்துவிடாமல் பார்க்க வேண்டும். எங்கள் டிவிசனில் பல வீடுகளைக் கட்டிய மேசன் பாஸ் ஒருவர், “வீட்டை ரெண்டு தட்டா இறக்கிக் கட்டுவோம், மண்ணக் கொஞ்சமா வெட்டினாப் போதும்” என்று சொல்லியிருந்தார். அவருக்குக் கையில் வேறு வேலை இருந்ததால் சில மாதம் பொறுக்கச் சொன்னார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலையகமெங்கும் மண் சரிந்த பிறகு, பழைய லயத்து அறைக்குள் இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. இந்த அவசரத்தில்தான் அந்த விளம்பரம் எங்கள் கண்ணில் பட்டது.

அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னதும், நிறுவனத்தின் பொறுப்பாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர் தாமதமில்லாமல் தோட்டத்துக்கே வந்தார். வந்தவர் ஆடம்பரமாக எதுவும் பேசவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரே காணிக்கு இறங்கினார். லயத்துக் கானின் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று கேட்டார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “அம்மா, சுவர் விழுறது மண்ணோட பாரத்தால மட்டும் இல்ல. பின்னால தேங்குற தண்ணியாலதான் விழுது. அதனால சுவருக்குப் பின்னால கல்லுச் சல்லி போடணும், சுவருக்குக் குறுக்கால குழாய் விடணும், அடியில அஞ்சடி அகலம் வேணும்.” அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பத்தடி உயரக் கல்கட்டுக்கு அடியகலம் குறைந்தது அதில் பாதியாவது இருக்க வேண்டும் என்பதையும், தண்ணீர் வடிய வழியில்லாத சுவர் எத்தனை மூடை சீமெந்தைக் கொட்டிக் கட்டினாலும் நிற்காது என்பதையும் பிறகு எங்களுக்கு விளக்கியவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புறப்படும்போது அம்மாவைப் பார்த்து, “மீரியபெத்தையில நடந்த மாதிரி ஒங்களுக்கு நடக்கக் கூடாது தானே அம்மா, காசு கொஞ்சம் கூடினாலும் சுவர நல்லாச் செஞ்சிருவோம்” என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு யாருடைய பெயரும் பேசப்படவில்லை. செத்தவர்களின் பெயரைச் சொல்லி வியாபாரம் பேசிய அந்த வாயை நினைக்கும்போது, போன காசை விட அதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது.

வேலை தொடங்குவதற்கு முன் 600,000 ரூபா, சுவர் எழும்பி அத்திவாரத் தூண்களுக்குக் கொங்கிரீட் போட்டதும் 380,000 ரூபா என்று உடன்படிக்கை எழுதினார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையையும் பிரதேச சபையின் அனுமதியையும் தாங்களே எடுத்துத் தருவதாகவும், அதற்கான செலவும் இந்தத் தொகைக்குள் அடங்கும் என்றும் சொன்னார்கள். பதிவு செய்யப்பட்ட நிறுவனமா என்று நான் கேட்டபோது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். அது வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் எடுக்கும் அதே பதிவுதான். கட்டத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. கட்டுமான ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்வதற்கென்று 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியான அதிகாரசபை ஒன்று இருக்கிறது என்பதை அங்கே யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. மேசன் பாஸ் சொன்ன இரண்டு தட்டுக் கதையை இவர்கள் சிரித்தே ஒதுக்கிவிட்டு, விளம்பரப் படத்தில் இருக்கும் பெட்டி வடிவ வீடு அமைய வேண்டுமென்றால் ஒரே தட்டாகத்தான் வெட்ட வேண்டும் என்று பத்தடிக்கு நேராக வெட்டினார்கள். சுவரும் வேகமாக எழும்பியது. வெளிமுகத்தில் வரிசையாகக் குழாய் வாய்கள் தெரிந்தன, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சீமெந்துக் கோடு அழகாகப் பூசப்பட்டிருந்தது, படம் எடுத்தார்கள், 380,000 ரூபாவையும் வாங்கிக்கொண்டார்கள்.

சுவர் விழுந்த மறுநாள் காலையில்தான் அந்தக் குழாய்களை முழுதாகப் பார்த்தோம். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்காகச் சுவரின் முகத்தில் சொருகி, சுற்றிச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். ஒரு குழாய் கூடச் சுவருக்குப் பின்பக்கம் வரை போகவில்லை. பின்னால் போட்டதாகக் கணக்குக் காட்டிய கல்லுச் சல்லியில் ஒரு கூடை கூட அங்கே இல்லை. பெக்கோ வெட்டிப் போட்ட அதே களிமண்ணைத் திரும்பத் தள்ளி மூடியிருக்கிறார்கள். அடியகலம் ஐந்தடி என்று எழுதிய இடத்தில், நாடா பிடித்தால் இரண்டரை அடிதான் வந்தது. தண்ணீர் ஊறிய மண் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து அத்திவாரக் குழிகளை நிரப்பிவிட்டது. நல்ல வேளை, ஆள் யாரும் கீழே இருக்கவில்லை.

புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த தம்பிதான் அடுத்ததைக் கண்டுபிடித்தான். மிஞ்சிக் கிடந்த கம்பிகளைக் கையில் தூக்கியதுமே அவன் முகம் மாறிவிட்டது. மதிப்பீட்டில் 12 மில்லிமீற்றர் என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். முழுக் கம்பி ஒன்றை வளைத்துக் கட்டி, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டான். 12 மில்லிமீற்றர் கம்பி ஆறு மீற்றர் நீளம் என்றால் 5.3 கிலோ இருக்க வேண்டும். முள் நான்கு கிலோவைக் கூடத் தொடவில்லை. அது 10 மில்லிமீற்றர் கம்பி. கொங்கிரீட் போட்டு மூடிய தூண்களுக்குள்ளும் அதே கம்பிதான் இருக்கிறது என்பதை, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை அளந்தே தெரிந்துகொண்டோம். சுவர் விழாமல் இருந்திருந்தால் அந்தத் தூண்களின் மேல்தான் எங்கள் கூரை வந்திருக்கும்.

இனி அவர்கள் பதில் சொன்ன விதம். முதல் நாள் அந்தப் பொறுப்பாளர் தொலைபேசியை எடுத்து, “ஐயோ அம்மாவுக்கு ஒன்னும் ஆகலையே” என்று கேட்டார். அடுத்த முறை, அவர் வேலைத்தளத்தில் இருக்கிறார், பின்னேரம் எடுப்பார் என்று அலுவலகத்துப் பிள்ளை சொன்னது. பின்னேரம் எடுக்கவில்லை. பிறகு வந்த குரல் பதிவில், மழைக்காலத்தில் எல்லா இடத்திலும்தான் சுவர் விழுகிறது, உடன்படிக்கையில் இயற்கை அனர்த்தத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று இருக்கிறது, வாசித்துப் பாருங்கள் என்று சொன்னார். விரல் நீளக் குழாயை இயற்கையா வெட்டியது என்று கேட்டு நான் படங்களை அனுப்பியதற்குப் பதில் இல்லை. நேரில் போனபோது, எங்கள் மண் சரியில்லை என்றார்கள். அந்த மண்ணைப் பிசைந்து பார்த்தவர் அவர்தானே என்றதற்கு, அது “மேலோட்டமான பார்வை” என்றார்கள். கடைசியில் இன்னும் 350,000 ரூபா கொடுத்தால் சுவரைத் திரும்பக் கட்டித் தருவதாகப் பெரிய மனது பண்ணினார்கள். 980,000 ரூபாவை விழுங்கிய வாய்க்கு இன்னும் பசி. மறுத்ததும் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்கள். அவர்களின் பக்கத்தில் நான் எழுதிய கருத்தும் அன்று மாலையே காணாமல் போய்விட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரித்தபோது, எங்கள் பெயரில் விண்ணப்பம் எதுவும் கொடுக்கப்படவே இல்லை என்பது தெரியவந்தது.

இவர்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பாக இருப்பது இந்தச் சதுர அடிக் கணக்குதான் என்று நினைக்கிறேன். சமதரையில் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் ஓரளவு பொருந்தும். மலையில் காசில் பெரும்பங்கு வீடு எழும்புவதற்கு முன்பே மண் வெட்டவும், கல் கட்டவும், கான் எடுக்கவும் போய்விடுகிறது. அதில் பாதி வேலை மூடிய பிறகு யார் கண்ணிலும் படாத வேலை. சுவர்ப் பூச்சில் ஏமாற்றினால் பார்த்தவுடன் தெரியும். மண்ணுக்குள் போனதைத் தோண்டிப் பார்ப்பவர் யார்? அதனால் களவும் அங்கேதான் நடக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு பதிவு செய்திருக்கிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறிவித்திருக்கிறோம். மத்தியஸ்த சபையின் அழைப்புக்காகக் காத்திருக்கிறோம். விழுந்த மண்ணை அள்ளவே இன்னும் கூலி கொடுக்க வேண்டியிருப்பதால், விரிவாக எழுத எனக்கு இப்போது நேரமும் இல்லை, மனமும் இல்லை. அவசரமாக இவற்றை மட்டும் சொல்கிறேன்.

மண்சரிவு அபாயமுள்ள எங்கள் மாவட்டங்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை நீங்களே நேரில் போய் எடுங்கள். அது கைக்கு வரும் வரை பெக்கோவைக் காணிக்குள் விடாதீர்கள். கல்கட்டு எழும்பும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி அது மறுபக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகே பின்பக்கத்தை மூட விடுங்கள். கம்பியை நிறுத்து வாங்குங்கள்: மில்லிமீற்றரில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். மணல் வந்தால் டிப்பரை அடிக் கணக்கில் அளந்து பாருங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. மூடும் வேலை எதற்கும் மூடுவதற்கு முன் படம் எடுங்கள், மூடிய பிறகு காசு கேட்டால் அந்தப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பத்தடி உயரக் கல்கட்டு, வரிசையாகக் குழாய் வாய்கள், இடது மூலையில் ஒரு பலா மரம் உள்ள படத்தை “நாங்கள் செய்த வேலை” என்று யாராவது உங்களுக்கு அனுப்பினால், அது எங்கள் சுவர். விழுந்துவிட்டது. இன்று காலையும் அந்தப் படம் அவர்களின் விளம்பரத்தில் இருக்கிறது.