தராசைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்: பிரேயஸ் மீன் கடை அனுபவம்

கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய பெராமா கப்பல் பழுதுபார்ப்புத் தளத்துக்கு ஜனவரியில் கப்பலோடு வரப்போகும் செகண்ட் இன்ஜினியர் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அண்ணே, போன தடவை கூட்டிட்டுப் போனீங்களே அந்த மீன் கடை, இன்னும் நல்லா இருக்கா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நல்லா இருக்கிறது, முன்பைவிடவும் நல்லா இருக்கிறது. ஆனால் போன மாதம் அங்கே கையில் வாங்கிய ஒரு பில் இன்னும் மனசில் ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பிரேயஸில் மீன் கடை எப்படி இருக்கும் என்று இங்கே வேலையாக வந்து போகும் நம் ஆட்களுக்குத் தெரியும். மேசைமேல் காகித விரிப்பு, நான்கு பக்கமும் கிளிப். வாசலில் ஐஸ் மேல் மீன். தட்டுகள் எல்லாம் நடுவில், எல்லாருக்கும் பொது. இரவு ஒன்பது மணிக்கு முன்னால் போனால் நாற்காலிகள்தான் துணை. நான் சொல்லும் கடை மிக்ரோலிமானோவில் படகுகளைப் பார்த்தபடி இருக்கும் கடைகளில் ஒன்று இல்லை. கெரட்சினி மீன் ஏலச்சந்தைப் பக்கம், உள்தெருவில் இருப்பது. துறைமுகத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களும்தான் அங்கே கூட்டம். கப்பல் கம்பெனி வேலைக்காக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் கடை.

அங்கே என்னைப் பிடித்து வைத்திருப்பது சின்ன மீன். கவ்ரோஸ் என்பார்கள், நம் நெத்திலி வகைதான். மாவில் லேசாகப் புரட்டி, எண்ணெயில் போட்டு, நிறம் மாறும்போதே எடுத்துவிடுவார்கள். உப்பு, பாதி எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். தூத்துக்குடிக்காரனுக்கு மிளகாய்த்தூள் இல்லாத நெத்திலி வறுவல் முதலில் வெறுமையாகத்தான் தெரியும். அப்புறம் புரியும், மசாலா இல்லாத இடத்தில் பழைய மீனை ஒளித்துவைக்க வழியே கிடையாது. ஒரு நாள் ஐஸில் கிடந்திருந்தாலும் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருடத்தில் அந்தக் கடை என்னிடம் ஒருமுறைகூட அப்படி மாட்டவில்லை. இதை மனசாரச் சொல்கிறேன்.

இதற்குக் காரணம், மீன் இல்லாத நாளில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கவ்ரோஸையும் மத்தியையும் பெரும்பாலும் பிடிப்பது க்ரி-க்ரி என்கிற சுருக்குவலைப் படகுகள். இரவில் விளக்கு வைத்து, வெளிச்சத்துக்கு மீனைக் கூட்டி வளைப்பார்கள். பௌர்ணமியன்று அந்த விளக்குக்கு வேலை இல்லை. அதை ஒட்டிய நாட்களில் அவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த நாட்களில் போய் "கவ்ரோஸ்?" என்று கேட்டால், பரிமாறும் பெரியவர் புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, நாக்கால் ஒரு 'ட்ச்' கொட்டுவார். இந்த ஊரில் இல்லை என்பதற்கு அதுதான் சைகை. ஃப்ரீசரில் இருந்து எடுத்து வறுத்துக் கொடுத்தால் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் அதைச் செய்வதில்லை.

கோடையில் மத்தி. ஜூலை, ஆகஸ்ட்டில் கொழுப்பு ஏறி இருக்கும் சமயம், இரட்டைக் கம்பி வலைக்குள் வரிசையாக அடுக்கிக் கரி அடுப்பில் சுடுவார்கள். தோல் அங்கங்கே கருகி, கொழுப்பு கரியில் சொட்டிப் புகை எழும். வெளியே வந்ததும் மேலே எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் அடித்துக் கலந்த சாறு ஊற்றுவார்கள். வாலைப் பிடித்து முதுகெலும்பைத் தூக்கினால் தலை வரைக்கும் ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும், அதுதான் பதம். இங்கே வந்துவிடும்.

கூட வருகிறவற்றையும் விட முடியாது. ஃபாவா என்று மஞ்சளாக ஒரு தட்டு வரும். நம் பருப்புக் கடையலுக்கு ஒன்றுவிட்ட தம்பி, மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். சாந்தோரினித் தீவின் ஃபாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு உண்டு, விலையும் அதிகம். இந்தக் கடையில் அதை வாங்குவதில்லை, மெனுவில் அந்தத் தீவின் பெயரைப் போட்டுக்கொள்வதும் இல்லை. அப்புறம் ஹோர்த்தா, வேகவைத்த கீரை. கோடையில் வ்லீத்தா, நம் முளைக்கீரை இனம்தான். குளிர்காலத்தில் கசப்பான காட்டுக் கீரைகள். பொரித்த மீனுக்குப் பக்கத்தில் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிய அந்தக் கசப்புக் கீரை இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் மெனுவில் நட்சத்திரக் குறி இருக்கும். உறைய வைத்து வந்தது என்று அர்த்தம். அப்படிக் குறிப்பிட வேண்டும் என்பது இங்கே சட்டம். பொரிக்க என்ன எண்ணெய், சாலட்டுக்கு என்ன எண்ணெய் என்றும் கீழே அச்சடித்திருக்கிறார்கள். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்கிற அறிவிப்பு கிரீஸ் முழுக்க எல்லாக் கடையிலும் தொங்கும், இங்கேயும் தொங்குகிறது. த்சிப்பூரா, லவ்ராக்கி என்கிற மீன்கள் இந்த நாட்டுப் பண்ணைகளில் ஏராளமாக வளர்கிறவை. எது பண்ணை மீன், எது கடல் மீன் என்று கேட்டால் பெரியவர் மழுப்பாமல் சொல்லிவிடுவார்.

இத்தனை நேர்மையான கடையில்தான் அந்தத் தராசு இருக்கிறது.

பெரிய மீன்களுக்கு விலை கிலோ கணக்கு. இது எங்கேயும் வழக்கம்தான், மெனுவிலும் அப்படித்தான் போட்டிருக்கும். எடை என்றால் சமைப்பதற்கு முந்தைய எடை, தலை, குடல், முள் எல்லாம் சேர்த்து. அதிலும் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை தராசு நிற்கும் விதத்தோடு. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் உயரமான மேடையில் அதை வைத்து, எண் தெரியும் பக்கத்தைச் சமையலறையைப் பார்க்கத் திருப்பி விட்டிருக்கிறார்கள். மீனைக் காகிதத்தில் வைத்துத் தட்டில் போடுவார் பெரியவர். எண்ணைப் பார்ப்பார், உள்ளே பார்த்து கிரேக்கத்தில் ஏதோ குரல் கொடுப்பார், மீன் போய்விடும். இந்தப் பக்கம் நிற்கிற நமக்குத் தெரிவது தராசின் முதுகும் அதில் ஒட்டியிருக்கும் ஒரு பழைய ஸ்டிக்கரும்தான்.

போன மாதம் எங்கள் சென்னை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நல்ல மீன் காட்ட வேண்டும் என்று அழைத்துப் போனேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மூன்று பேருக்கு ஒரு கிலோ போதும் என்று தெளிவாகவே சொன்னேன். பெரியவர் ஒரு ஃபாக்ரியைத் தூக்கினார். இளஞ்சிவப்பு மீன், கண் தெளிவாக இருந்தது, செவுளைத் திறந்தும் காட்டினார். "ஒரு கிலோ பக்கம்" என்றார். தராசில் வைத்தார், குரல் கொடுத்தார், மீன் உள்ளே போனது. பில்லில் 1.650 கிலோ, கிலோ 72 யூரோ. அந்த ஒரு மீனுக்கு மட்டும் 118.80.

விருந்தாளிகளை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்ய முடியாது. அவர்கள் வெளியே போன பிறகு பெரியவரிடம் கேட்டேன். அவர் துளியும் தடுமாறவில்லை. ஒரு கிலோவில் இருந்தவை நேற்று வந்தவை, இதுதான் இன்றைக்கு வந்தது, உங்கள் விருந்தாளிகளுக்கு நேற்றைய மீனை எப்படிக் கொடுப்பேன் என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. மீனும் அப்படித்தான் இருந்தது. முதுகில் பிளந்து விரித்துச் சுட்டது, சதை ஈரம் போகாமல் இதழ் இதழாகப் பிரிந்தது. வந்திருந்த இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். ஆனால் நான் கேட்டது மீன் நல்லதா என்று இல்லையே. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கிறது, இத்தனை யூரோ ஆகும், சரியா என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டிருந்தால் அன்றைக்குச் சரி என்றே சொல்லியிருப்பேன். தூத்துக்குடியில் விலை பேசி முடித்த பிறகுதான் கத்தி மீன் மேல் படும். அப்படி மீன் வாங்கி வளர்ந்தவனுக்கு, வெந்து தட்டுக்கு வந்த பிறகு எடையைத் தெரிந்துகொள்வது ஒட்டவே ஒட்டாது.

ஏமாற்றுகிறார்களா? இல்லை. இதற்கு முன்னால் ஒரு தடவை எடையைக் காட்டச் சொன்னபோது, முகம் சுளிக்காமல் தராசை முழுசாகத் திருப்பிக் காட்டினார், பில்லில் அதே எண்தான் வந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் ஏன் முதுகைக் காட்டி வைக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் நான் ஏன் கேட்டு வாங்க வேண்டும்? திருப்பி வைத்துவிடுங்கள் என்று போன வருடமே சொன்னேன். தலையாட்டினார். தராசு அங்கேயேதான் இருக்கிறது. கெரட்சினிக்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாமல் இருக்கலாம், எடை என்ன என்று அவர்கள் சத்தமாகவே கேட்டுக்கொள்கிறார்கள். மொழி அரைகுறையாகத் தெரிந்த மாலுமி எப்படிக் கேட்பான்? துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் அவனையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கும் வழக்கம்போல பில்லுக்கு முன்னால் காசு வாங்காத இனிப்பு வந்தது. ரவையில் செய்த ஹல்வா, பட்டைத்தூள் தூவியது. கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த அன்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, தம்பிக்குப் பதில். நீங்கள் வரும் ஜனவரியில் க்ரி-க்ரி படகுகளுக்குத் தடைக்காலம், டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை. கவ்ரோஸ், மத்தி எதிர்பார்க்காதீர்கள். இழுவைப் படகுகள் அக்டோபரிலிருந்து மே வரை ஓடும் என்பதால் நம் நவரை மாதிரியான சிவப்பு மீன் நன்றாகக் கிடைக்கும். நியாயமாகப் பார்த்தால் போய்ச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், இதைவிட நல்ல மீனை அந்தப் பக்கத்தில் நான் சாப்பிட்டதில்லை. ஆனால் சொல்ல மாட்டேன். தராசு திரும்புகிற வரைக்கும் அங்கே யாரையும் அனுப்புவதாக இல்லை. நானும் இந்தக் குளிர்காலம் போகப் போவதில்லை. பெராமாவிலேயே தளத்துக்கு எதிரில் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. மீன் சுமார்தான், எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார்கள். அங்கே போவோம்.

ஒருவேளை உங்கள் வேலை இழுத்துக்கொண்டு மார்ச் 25 வரை இங்கே இருந்தீர்கள் என்றால் சொல்லுங்கள். ஈஸ்டர் நோன்புக்கு நடுவில் மீன் சாப்பிட அனுமதி உள்ள நாள் அது. ஊரே பகாலியாரோ என்கிற உப்பிட்ட காட் மீனைப் பொரித்து, அரைத்த பூண்டோடு சாப்பிடும். அதை அந்தப் பழைய கடையில் செய்வதுபோல வேறு எங்கேயும் செய்வதில்லை. அதற்கு விலை தட்டுக் கணக்கு. மதியம் இரண்டு மணிக்கு மூன்று பேருக்கு மேசை சொல்லி வைக்கிறேன்.