லோக்கிச்சோக்கியோ: விமானமா, லாரியா, ரயிலா?

பஞ்சம் பிடித்த இடத்துக்கு விமானத்தில் தானியம் அனுப்புவது பணத்தை வானத்தில் கரைக்கும் வேலை என்று சொல்பவர்கள் நிறைய. கணக்குப்படி பார்த்தால் அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஒரு மூட்டையை லாரியில் அனுப்ப ஆகும் செலவைப் போலப் பல மடங்கு விமானத்துக்கு ஆகும். ஆனால் அந்த மூட்டை போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி கணக்குப் புத்தகத்தில் வராது. அதைக் கேட்டுப் பார்க்க லோக்கிச்சோக்கியோவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

கென்யாவின் வடமேற்கு மூலை. தெற்கு சூடான் எல்லை இன்னும் முப்பது கிலோமீட்டர்தான். முள்மரம், காய்ந்த ஆற்றுமணல், ஆடுமாடு, ஒட்டகம் மேய்க்கும் துர்க்கானா மக்கள். 1988இல், அப்போது சூடானின் ஒரு பகுதியாக இருந்த தெற்கு சூடானில் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சேர்ந்து சுமார் இரண்டரை லட்சம் பேரைக் கொண்டுபோயின. அதன் பிறகுதான், 1989இல், சூடான் அரசும் தெற்கின் கிளர்ச்சிப் படையும் சம்மதிக்க, ஐ.நா. 'ஆப்பரேஷன் லைஃப்லைன் சூடான்' என்ற நிவாரணப் பணியைத் தொடங்கியது. அதன் தெற்குப் பிரிவுக்கு லோக்கிதான் (லோக்கிச்சோக்கியோவின் சுருக்கப் பெயர்) தளம். யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், முப்பதுக்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள் என்று எல்லாரும் இந்த ஓடுதளத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டார்கள்.

லாரியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மலிவு அதுதான். தெற்கு சூடானின் பெரும்பகுதி கரிசல் மண். மழை விழுந்தால் அந்த மண் என்ன ஆகும் என்பதைக் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் அங்கே தார்ச்சாலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆண்டில் பாதி லாரி அச்சு வரை புதையும், மீதிப் பாதியில் கண்ணிவெடி பயம். பசி உச்சத்துக்கு வருவதோ மழைக்காலத்தில், அறுவடைக்கு முந்தைய மாதங்களில். தேவை ஏறும் நேரம் பார்த்துப் பாதை அடைந்துபோகும்.

ரயில் காகிதத்தில் இன்னும் அழகு. வடக்கிலிருந்து வாவ் நகர் வரை தண்டவாளம் உண்டு. ஒரே வண்டியில் ஒரு விமானப் படையே தூக்க முடியாத சுமை போகும். ஆனால் அரசு ரயிலுக்குக் காவலாகக் குதிரை மேல் கூடவே வந்த ஆயுதக் கும்பல்கள், பாதையோரம் டிங்கா இன மக்களின் கிராமங்களைக் கொளுத்தின, மாடுகளை ஓட்டிப்போயின, பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துப்போயின. ரயில் வருகிறது என்றாலே ஊரைக் காலி செய்துவிட்டு ஓடும் மக்களிடம் அது எவ்வளவு மலிவு என்று பேசி என்ன பயன்? மூன்றில் இதை மட்டும் நான் தயங்காமல் ஒதுக்குவேன்.

இனி விமானம். இதிலேயே இரண்டு வகை: வானிலிருந்து போட்டுவிட்டுத் திரும்புவது ஒன்று, தரையிறங்கி இறக்குவது இன்னொன்று. போடுவதற்கு ஹெர்குலிஸ் என்ற பெரிய சரக்கு விமானம். ஒரு நடைக்குச் சுமார் 16 டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டை 320. தரையில் மோதித் தெறிக்காமல் இருக்க சாக்குக்குள் சாக்காகக் கட்டியிருப்பார்கள். பாராசூட் கிடையாது. குறித்துவைத்த திடல் மேல் விமானம் தாழ வந்து மூக்கைத் தூக்கும், பின்கதவு வழியே மூட்டைகள் சரிந்து கொட்டும். கீழே இருப்பவர்கள் திடலுக்குள் ஓடிவராமல் தடுத்து நிறுத்துவதே பெரிய பாடு, ஒரு மூட்டை மேலே விழுந்தால் ஆள் பிழைக்கமாட்டார். எல்லாம் அடங்கிய பிறகு, உடைந்த சாக்கிலிருந்து சிதறிய மணிகளைப் பெண்கள் மண்ணோடு கூட்டி அள்ளிப் புடைத்து எடுப்பார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்று வைத்தால், அந்த ஒரு நடை ஆயிரம் பேருக்கு ஒரு மாதச் சாப்பாடு.

ஆனால் தடுப்பூசியை அப்படிப் போட முடியாது, செவிலியரையும் போட முடியாது. அதற்குச் சின்ன விமானம் போய் இறங்கியாக வேண்டும். ஊர்மக்கள் புல்லை வெட்டிச் சமன்படுத்திய மண் தளங்களில் அவை இறங்கின. திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. லோக்கிக்குப் பக்கத்தில் லோப்பிடிங்கில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1987இல் தொடங்கிய போர்க்கால அறுவை மருத்துவமனை இருந்தது. கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்ததும் அங்கேதான். போடுவதா இறங்குவதா என்று என்னைக் கேட்டால் இறங்குவதுதான். போய்விட்டுத் திரும்பிவரும் விமானத்தில்தான் நோயாளிக்கு இடம் உண்டு.

விமானத்துக்கும் ஒரு பூட்டு இருந்தது, அதன் சாவி சூடான் தலைநகர் கார்ட்டூமில். எந்த இடத்துக்குப் பறக்கலாம் என்று அரசு அனுமதி தர வேண்டும். 1998 ஜனவரியில் வாவ் நகரில் சண்டை மூண்டதும், பிப்ரவரி, மார்ச்சில் அந்த நகர் இருக்கும் பஹர் எல் கஸல் பகுதிக்குப் பறக்கத் தடை விழுந்தது. லோக்கியில் ஓடுதளம் அப்படியேதான் இருந்தது, எல்லைக்கு அப்பால் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுப் பஞ்சத்தில் இறந்தவர்கள் எழுபதாயிரம் பேர் வரை இருக்கும் என்கிறார்கள். நார்வீஜியன் பீப்பிள்ஸ் எய்ட் போன்ற சில அமைப்புகள் ஐ.நா. ஏற்பாட்டில் சேராமல், அனுமதிக்குக் காத்திருக்காமல் தனியாக இயங்கியதன் நியாயம் இங்கேதான் புரியும்.

விமானத்தை லாரிக்கு எதிரியாக நிறுத்துபவர்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. லோக்கியில் ஏற்றிய தானியமும் விமான எரிபொருளும் கென்யாவின் தெற்கிலிருந்து எல்தோரெத், கித்தாலே, லோத்வார் ஊர்களைத் தாண்டி லாரியில்தான் வந்தன. வழிப்பறிக்குப் பயந்து போலீஸ் துணையோடு வரிசை கட்டி வருவார்கள். அந்தச் சாலை இல்லாமல் இந்த ஓடுதளத்தில் ஒரு நாள்கூட வேலை நடந்திருக்காது.

பயணிக்கு இத்தனை யோசனை தேவையில்லை. துர்க்கானா ஏரிக்கோ ககுமா அகதி முகாம் பக்கமோ போகிறவர் நைரோபியிலிருந்து லோத்வாருக்கு டிக்கெட் எடுப்பதே நல்லது. மாவட்டத் தலைநகர் அது, வண்டியும் தங்குமிடமும் கிடைக்கும்.

மிச்சமிருக்கும் போட்டி, நிவாரணத் தளமாக லோக்கியா, தெற்கு சூடானுக்குள் இருக்கும் ஜூபாவா என்பதுதான். உள்நாட்டுப் போரை முடித்த 2005 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஜூபாவுக்குப் பெட்டி கட்டின. 2011இல் தெற்கு சூடான் தனிநாடானதும் அதுவே தலைநகர். தேவைப்படும் நாட்டுக்குள்ளேயே கிடங்கு, பறக்கும் தூரம் குறைவு, அரசோடு நேரில் பேசலாம். எல்லாம் சரி. ஆனால் 2016 ஜூலையில் ஜூபாவிலேயே சண்டை வெடித்தபோது பயணிகள் விமானங்கள் நின்றன, உலக உணவுத் திட்டத்தின் கிடங்கில் 4,500 டன்னுக்கு மேல் உணவு கொள்ளை போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த லோக்கிக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அன்றாட வேலைக்கு ஜூபாவையே நானும் சொல்வேன். ஆனால் லோக்கியின் ஓடுதளத்தில் புல் முளைக்க விடக்கூடாது, கிடங்குகளின் கூரையையும் பழுது பார்த்து வைத்திருக்க வேண்டும். மூட்டை தூக்கியும் சமைத்தும் காவல் காத்தும் பிழைத்த துர்க்கானாக்காரர்களுக்கு அந்த வேலை போன பிறகு, அவர்கள் ஊரிலேயே 2011இல் கடும் வறட்சி வந்தது. அந்தக் கிடங்குகள் இனி அவர்களுக்கும் சேர்த்துத் திறக்க வேண்டியவை.