50-ஆ, 85-ஆ? போர்ட்ரெய்ட்டுக்கு நான் 85 வாங்கிய காரணம்

இரண்டுமே எஃப்/1.8 லென்ஸ். மி.மீ. என்பது குவியத் தூரம், அது கூடினால் பார்வைக் கோணம் குறுகும். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிது. ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள) கேமராவுக்கு 50 மி.மீ. போதுமா, 85 மி.மீ. வாங்கலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். நண்பரின் 50-ஐயும் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு 85 வாங்கினேன். விலையிலும் எடையிலும் 50தான் சாதகம், அதில் பேச்சே இல்லை.

85 போட்டால் டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது படத்தில் கூர்மையாக விழும் ஆழம், குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நின்ற இடத்திலிருந்தே எடுத்தால் அது சரி. ஆனால் ஆள் ஃபிரேமில் அதே அளவு வரவேண்டும் என்றால் நாம் நகர்ந்தாக வேண்டும். 85-ல் 2 மீட்டர் தள்ளி நின்று இடுப்பு வரை எடுப்பதை, 50-ல் 1.2 மீட்டருக்கு வந்து எடுக்கவேண்டும். அப்போது இரண்டிலும் கூர்மையாக விழும் ஆழம் கிட்டத்தட்ட 6 செ.மீ.தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அத்தையை எடுத்தபோது கண்கூடாகப் பார்த்தேன். முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தார். மூக்குத்திக் கல்லின் பட்டை எண்ணுகிற மாதிரி இருந்தது, அந்தப் பக்கத்துக் கண்ணின் இமைமுடி கரைந்துவிட்டது. எந்த லென்ஸ் போட்டாலும் இதே கதை. திறப்பை எஃப்/2.8-க்குச் சுருக்கியதும் ஆழம் 9 செ.மீ. ஆனது, இரு கண்ணும் தெளிந்தன.

அப்புறம் எதற்கு 85? பின்னால் இருப்பதற்காக. லென்ஸின் திறப்பை மி.மீ. கணக்கில் பாருங்கள்: 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28, 85-ஐ வகுத்தால் 47. வெகுதூரத்து வெளிச்சப் புள்ளி, முகத்தோடு வைத்து அளந்தால், அந்த அகலத்துக்கு வட்டமாக விரியும். அதே அத்தை படத்தில், இருட்டும் நேரம் கடலில் தெரிந்த படகு விளக்கு 50-ல் பெரிய கோலிக்குண்டு போல இருந்தது, 85-ல் கன்னம் அளவுக்கு மலர்ந்தது. பின்னணியில் விழும் பரப்பும் 85-ல் குறுகுகிறது. பாண்டிச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் மட்டும் போதும் எனக்கு. 50-ல் பக்கத்தில் நிறுத்திய ஸ்கூட்டர்களும் சேர்ந்து வந்தன. 85-ல் அரை அடி நகர்ந்ததும் வெளியே போய்விட்டன.

சின்ன வீட்டுக் கூடத்தில் 85 கஷ்டம், முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள் வளைகாப்பு, காதுகுத்து எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் 50 வாங்குங்கள். க்ராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா என்றாலும் 50தான், அதில் அதன் கோணம் 75–80 மி.மீ. போலவே ஆகிவிடும். ஓடும் குழந்தைகளை 85-ல் நான் அதிகம் எடுத்ததில்லை. எடுத்த சிலவும் எஃப்/4-ல் எடுத்தவை.