தென்னாப்பிரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஜூலையில் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் பத்து நாள் தென்னாப்பிரிக்கா போய்விட்டு வந்தோம். தலைக்கு 2,30,000 ரூபாய். விமானக் கட்டணம் தனி. 'நிபுணர் வழிகாட்டியுடன் பறவை, வனவிலங்குப் பயணம்' என்று சொல்லித்தான் அந்தப் பணத்தை வாங்கினார்கள். போய் இறங்கிய பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஒரு வேனும் ஒரு டிரைவரும் மட்டும்தான். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுத முடியவில்லை. ஆனால் எங்களை ஏமாற்றிய விதத்தை முழுசாக எழுதுகிறேன். பெயர் தெரியாவிட்டாலும் அந்த விதம் தெரிந்தால் போதும், நீங்கள் தப்பித்துவிடலாம்.

அப்பாவுக்கு 71 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகக் கோவையைச் சுற்றியுள்ள குளங்களில் பறவை பார்க்கிறார். ஆப்பிரிக்காவில் அவர் பார்க்க ஆசைப்பட்டது பெல் மீன் ஆந்தை. செம்பழுப்பு நிறத்தில் பெரிய ஆந்தை, ராத்திரியில் ஆற்றோர மரத்திலிருந்து இறங்கி மீன் பிடிக்கும். க்ரூகர் தேசியப் பூங்காவின் வடகோடியில், பஃபூரி பக்கம் லுவுவு ஆற்றங்கரையில் அதைத் தேடிப் போவார்கள். அந்த ஆந்தைக்காகத்தான் இந்தப் பயணமே.

ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து இயங்குவதாகச் சொன்ன அந்த நிறுவனம் அனுப்பிய பயணத் திட்டத்தில் 42 பறவைகளின் பட்டியல் இருந்தது. தலைப்பு, 'இந்தப் பயணத்தில் உறுதியாகப் பார்க்கக்கூடியவை'. முதல் பெயரே பெல் மீன் ஆந்தை. நான்காவது அமூர் வல்லூறு. அதற்குக் கீழே கார்மைன் பஞ்சுருட்டான், ஐரோப்பியப் பனங்காடை, உட்லேண்ட் மீன்கொத்தி. அப்பா அத்தனையையும் நோட்டில் பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போட இடம் விட்டு வைத்திருந்தார்.

அமூர் வல்லூறைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. நம் வடகிழக்கில், நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில், அக்டோபர் நவம்பரில் லட்சக்கணக்கில் வந்து தங்கி, அங்கிருந்து அரபிக்கடலைத் தாண்டித் தென்னாப்பிரிக்கா போகிற பறவை அது. ஜூலையில் சீனாவின் வடகிழக்கிலும் கிழக்கு சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். "ஜூலைல அது எப்படிக் கண்ணு அங்க இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். அதையே மின்னஞ்சலில் கேட்டேன். 'சில கூட்டங்கள் வருடம் முழுவதும் இங்கேயே தங்கிவிடும், கவலை வேண்டாம்' என்று பதில் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்களே என்று நம்பினோம். பாதிப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினோம்.

அந்தப் பதில் பொய். அமூர் வல்லூறு மட்டும் இல்லை, பட்டியலில் இருந்த வலசைப் பறவைகள் எதுவுமே ஜூலையில் அங்கே இருக்காது. உட்லேண்ட் மீன்கொத்தி நவம்பர் வாக்கில் வந்து ஏப்ரலில் கிளம்பிவிடும். ஐரோப்பியப் பனங்காடை அவர்களுடைய கோடையில், அதாவது நமக்குக் குளிர்காலமாக இருக்கும்போதுதான் அங்கே வரும். கார்மைன் பஞ்சுருட்டானும் க்ரூகர் பக்கம் வருவது அந்த மாதங்களில்தான். கோடைக்காலப் பட்டியலை எடுத்து அப்படியே குளிர்காலப் பயணத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜூலை மோசமான மாதம் இல்லை. மழை கிடையாது, புல் காய்ந்து புதர் மெலிந்திருக்கும், விலங்குகள் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். யானையும் சிங்கமும் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. லைலாக் மார்புப் பனங்காடை, தரை இருவாச்சி, பேட்டலர் கழுகு, சேணநாரை எல்லாம் எப்போதும் அங்கேயே இருப்பவை. 'ஜூலையில் விலங்கு நிறைய, வலசைப் பறவை கிடையாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் பயணத்தை ஜனவரிக்கு மாற்றியிருப்போம். ஜூலையில் அவர்களிடம் காலி இடம் இருந்தது, அதை விற்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் எங்களுக்காக நின்ற வேனில் ஏற்கெனவே ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அதிகபட்சம் ஆறு பேர் என்பதுதான் பேச்சு. நாங்கள் ஏறியதும் எட்டு. அவர்கள் வாங்கியிருந்தது சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை பார்க்கும் 'பிக் ஃபைவ்' பயணம். ஒரே நிறுவனம் இரண்டு தனித்தனிப் பயணங்களை விற்று, இரண்டு கூட்டத்தையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டது. அந்தக் குடும்பமும் எங்களைப் போலத்தான் ஏமாந்திருந்தது. ஒரு பறவைக்காக இருபது நிமிடம் வண்டியை நிறுத்தச் சொன்னால் அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் பாவம் என்ன செய்யும்? தருவதாகச் சொன்ன ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது தூரத்துப் பறவையைப் பார்க்கும் தொலைநோக்கி, வண்டியில் இல்லை.

'க்ரூகரில் ஐந்து இரவு' என்று போட்டிருந்தது. நாங்கள் தங்கியது பூங்காவுக்கு வெளியே, ஹேசிவியூ ஊரில் ஒரு விடுதியில். ஜூலையில் பூங்காவின் கேட் காலை 6 மணிக்குத் திறக்கிறது, மாலை 5.30க்கு மூடுகிறது. உள்ளே முகாமில் தங்கினால் ஆறு மணிக்கே வண்டி பூங்காச் சாலையில் இருக்கும். வெளியே தங்கினால் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பி, அந்த நாட்டுப் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் ஃபாபெனி கேட்டில் வரிசையில் நின்று, உள்ளே போக எட்டரை ஆகிவிடும். பறவைக்குரிய நேரம் அதற்குள் முடிந்துவிடும். நாலு நாளும் இதுதான் நடந்தது.

இரண்டாம் நாள் லோயர் சேபி முகாமுக்குப் போகும் வழியில் காய்ந்த மரக்கொம்பில் பெரிய பழுப்புக் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. "மார்ஷியல் கழுகு" என்று டிரைவர் வண்டியை நிறுத்தினார். அப்பா பைனாகுலரை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மார்ஷியல் கழுகுக்குக் கால்விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும், வளர்ந்த பறவைக்கு வயிறு வெள்ளையாக இருந்து அதில் கரும்புள்ளிகள் இருக்கும். இதற்கு வயிறும் பழுப்பு, கால் மொட்டையாகத் தெரிந்தது, கண் பெரிய மஞ்சள் கண். "கால்ல இறகு இல்லையே கண்ணு, இது பாம்புக் கழுகு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். டிரைவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்று அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் 'பழுப்புப் பாம்புக் கழுகு' என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு அதற்கப்புறம் டிரைவரிடம் ஒரு பறவையின் பெயர்கூட அப்பா கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பூங்காவுக்குள் ஸ்குகுசா முகாமில் மதியச் சாப்பாட்டின்போது அந்த மனிதரே எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குத் தொழில் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவது. நாங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிங்கம் பார்க்கிற பயணம் என்றுதான் சொன்னார்களாம். அவருக்குப் பேசிய கூலியிலும் பாதிதான் கைக்கு வந்திருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து நாளும் பத்திரமாக ஓட்டினார், அப்பாவைக் கைபிடித்து இறக்கிவிட்டார். அதே சாயங்காலம் முகாமுக்குப் பக்கத்தில் இருக்கும் லேக் பேனிக் என்ற பறவை பார்க்கும் மறைவிடத்தில், மற்றவர்கள் வேனிலேயே காத்திருக்க, எங்களுக்குப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் கையெட்டும் தூரத்து நாணலில் மலகைட் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்னது. அப்புறம் பின்னாலிருந்து ஹாரன் அடித்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் பஃபூரி. காலையில் டிரைவர் தன் போனைக் காட்டினார். அலுவலகத்திலிருந்து செய்தி, 'பஃபூரி ரத்து, எல்லோரையும் பனோரமா ரூட் கூட்டிப் போ'. பூங்காவுக்கு வெளியே மலைக்காட்சி பார்க்கப் போகும் சாலை அது, அந்தக் குடும்பத்தின் திட்டத்தில் இருந்தது. காட்ஸ் விண்டோ என்ற மலை முகட்டில் நிறுத்தினார்கள். நல்ல இடம்தான். அப்பா வேனை விட்டு இறங்கவே இல்லை.

ஊருக்கு வந்தபிறகு வரைபடத்தில் அளந்து பார்த்தேன். ஹேசிவியூ பக்கத்துக் கேட்டிலிருந்து பூங்கா வழியாகப் பஃபூரிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கும் நிற்காமல் போனாலே எட்டு மணி நேரம். கேட் திறந்திருப்பது பதினொன்றரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புவது யாராலும் முடியாது. அது அவர்களுக்குத் திட்டத்தை எழுதும்போதே தெரியும். எங்களை அங்கே கூட்டிப் போகும் எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கடைசி இரண்டு இரவு வாக்கர்ஸ்ட்ரூம். ம்பூமலாங்கா மாகாணத்தில் உயரமான புல்வெளி சூழ்ந்த சின்ன ஊர். ரட் வானம்பாடி மாதிரி வேறு எந்த நாட்டிலும் இல்லாத பறவைகளுக்காக உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற இடம். பேர்ட்லைஃப் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பு உள்ளூர்க்காரர்களுக்குப் பறவை வழிகாட்டிப் பயிற்சி கொடுத்த ஊரும் இதுதான். 'உள்ளூர் வழிகாட்டி உண்டு' என்று எங்கள் திட்டத்தில் இருந்தது. யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் எண் வாங்கி, எங்கள் கைக்காசில் ஒருவரை நாங்களே கூப்பிட்டோம்.

போனிலேயே அவர் சொன்னது இது. "ரட் வானம்பாடியா? இப்போது பாடாது. பார்ப்பது கஷ்டம். ஆசை காட்டி உங்களிடம் காசு வாங்க மாட்டேன். மற்றதைக் காட்டுகிறேன், சரியா?" பத்து நாளில் எங்களிடம் உண்மை பேசிய முதல் வழிகாட்டி அவர்.

காலையில் புல்லெல்லாம் உறைபனி. எரிந்து கருகிய ஒரு புல்வெளி ஓரம் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் கையால் காட்டினார். கருகிய நிலத்தில் கறுப்பாக ஏழு பறவைகள் நடந்துகொண்டிருந்தன. வெயில் பட்டதும் பச்சையும் செம்புமாக மின்னின. உச்சந்தலை மொட்டையாக, சிவப்பாக இருந்தது. தென்னக மொட்டைத்தலை அரிவாள்மூக்கன். புல் எரிந்த இடத்தில் பூச்சி சுலபமாகக் கிடைக்கும் என்பதால்தான் அங்கே வருகின்றன என்று விளக்கினார். அப்பா நோட்டில் 7.20 என்று நேரம் போட்டார். மூன்று மணி நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் தேசியப் பறவையான நீலப் பெருங்கொக்கையும் முடிக் கொக்கையும் காட்டினார். திரும்பும் வழியில் மின்கம்பியைக் காட்டி, "ஜனவரியில் வாருங்கள், அமூர் வல்லூறு இதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்" என்றார். அப்பா அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் வழிகாட்டி யார் என்று கேளுங்கள். 'எங்கள் குழுவிலிருந்து ஒருவர்' என்று மழுப்பினால் பணம் அனுப்பாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் சுற்றுலா வழிகாட்டி மாகாணப் பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும், இது சட்டம். படம், பதிவு எண், எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் போட்ட அட்டையும் பேட்ஜும் அவரிடம் இருக்கும். அட்டையின் படத்தை முன்கூட்டியே வாங்குங்கள். ஃப்காசா என்ற கள வழிகாட்டிகள் சங்கத்தின் தகுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பூங்காவுக்குள் தங்கல் என்றால் முகாமின் பெயரும், தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பின் முன்பதிவு எண்ணும் கையில் வரட்டும். 'க்ரூகர் பகுதி' என்பது பூங்காவுக்கு வெளியே எந்த ஊராகவும் இருக்கலாம். பறவைப் பட்டியலை, பறவை பார்த்தவர்கள் பதிவு போடும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் அந்த இடத்தின் மாதவாரி பட்டை விளக்கப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலைதான். காட்டுப் பறவையை 'உறுதி' என்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். அந்த நாட்டுச் சுற்றுலா நிறுவனங்களின் சங்கமான ஸாட்சாவில் (SATSA) நிறுவனம் பிணைத்தொகை கட்டிய உறுப்பினரா என்று பாருங்கள். நிறுவனம் மூழ்கிப் போனால் முன்பணம் கட்டியவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. கட்டுவதைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். எங்கள் முன்பணம் வங்கி வழியாகப் போனது, ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. மீதியைக் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் புகார் கொடுத்து, அமூர் வல்லூறு பற்றிய அந்த மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுத்தோம். இரண்டரை மாதம் கழித்து அதில் ஒரு பகுதி வந்தது.

நல்ல விமர்சனம் எழுதினால் பதினைந்து சதவீதம் திருப்பித் தருகிறோம் என்று நிறுவனம் எழுதியது. அண்ணன் அந்தக் கடிதத்தையும் பதிவாளருக்குக் கொடுத்த புகாரோடு இணைத்து அனுப்பிவிட்டான்.

நேற்று அவர்களுடைய விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். வரும் ஜூலைக்கு ஆள் சேர்க்கிறார்கள். அதே 42 பறவைகள், அதே 'உறுதியாக'. நான்காவது வரியில் அமூர் வல்லூறு அப்படியே இருக்கிறது.