சென்னையின் நடுப்பகுதி: உயர்த்துவதா, வெளியே அனுப்புவதா, இருப்பதைத் திருத்துவதா?

2026 முதல் 2046 வரை சென்னை எப்படி வளர வேண்டும் என்று சொல்லப்போகிற மூன்றாம் முழுமைத் திட்டத்தைப் பற்றிய பேச்சில் பாதி ஊரின் ஓரங்களைப் பற்றியே இருக்கிறது. பெருநகர்ப் பகுதியின் எல்லையை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கிவிட்டார்கள், அதனால் அது இயல்புதான். என் கவலை நடுப்பகுதியைப் பற்றியது. 2011-க்கு முந்தைய மாநகராட்சி எல்லை, அதாவது ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், தி.நகர், மாம்பலம், புரசைவாக்கம், பெரம்பூர், சைதாப்பேட்டை எல்லாம் அடங்கிய அந்த 174 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பிலேயே அங்கே 46 லட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் வரப்போகிறவர்களுக்கு அங்கே இடம் கொடுக்கப்போகிறோமா, எப்படிக் கொடுக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, கட்டடங்களை உயர விடுவது. இரண்டு, கூட்டத்தையும் அலுவலகத்தையும் பேருந்து நிலையத்தையும் வெளியே கொண்டுபோவது. மூன்று, ஊருக்குள் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கும் பழைய குடியிருப்புகளையும் நிலத்தையும் திருத்தி அங்கேயே கூடுதல் பேருக்கு வீடு கட்டுவது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதை முதலில் செய்ய வேண்டும், முதலாவதைக் குழாயையும் வடிகாலையும் பார்த்துத் தெருத்தெருவாக அனுமதிக்க வேண்டும், இரண்டாவதைச் சரக்குக்கும் கிடங்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே அனுப்புவதிலிருந்து தொடங்கலாம், நமக்கு நெடுநாள் பழக்கமான வழி அதுதான். கொத்தவால்சாவடியில் காய்கறி மூட்டையும் கைவண்டியும் முட்டி மோதியதைப் பார்த்து 1996-இல் மொத்தச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2002-இல் பிராட்வேயிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளும் அங்கே போயின. அன்றைக்குக் கோயம்பேடு ஊரின் ஓரம். இருபது வருடம் போவதற்குள் அதுவே ஊரின் நடுவாகி, அங்கேயும் நெரிசல் தாங்காமல் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தார்கள். கோயம்பேட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். திறந்த நாளில் பக்கத்தில் ரயில் பாதை ஓடியது, ஆனால் இறங்கி ஏற நிலையம் இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற குடும்பம் பையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வடசென்னையிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர ஆகும் நேரத்தில் வெளியூர்ப் பேருந்து திண்டிவனத்தை நெருங்கியிருக்கும்.

ஆனாலும் கொத்தவால்சாவடி மாற்றம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தினமும் நூற்றுக்கணக்கான லாரிகள் நுழையும் தொழிலை ஜார்ஜ் டவுன் தெருக்களில் வைத்திருக்க முடியாது. சரக்கு வெளியே போனது நல்லதே. மனிதர்களையும் அதே கணக்கில் வெளியே அனுப்பியதுதான் தப்பு. கூவம், அடையாறு ஓரங்களில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுவேலை செய்கிற அம்மாவுக்கு வேலை மயிலாப்பூரில், வீடு பெரும்பாக்கத்தில். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் அதற்கு எத்தனை மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாளில் மூன்று வீட்டு வேலை பார்த்தவர் போகவர ஆகும் நேரத்தில் ஒரு வீட்டை விட்டுவிடுகிறார். கூரை கிடைத்தது, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது.

வெளியே அனுப்பியதால் நடுவில் பாரம் குறைந்ததா? 1991-இல் பழைய மாநகராட்சிக்குள் 38 லட்சம் பேர், 2011-இல் 46 லட்சம். அதே இருபது வருடத்தில் எல்லைக்கு வெளியே, பெருநகர்ப் பகுதியின் மீதி இடத்தில், 20 லட்சம் 40 லட்சமானது. அதாவது குடியிருப்பு ஏற்கெனவே வெளியே போய்விட்டது, திட்டம் போட்டும் போடாமலும். ஆனால் கோர்ட், தலைமைச் செயலகம், பெரிய மருத்துவமனைகள், நகைக்கடை, துணிக்கடை, பேர்போன பள்ளிக்கூடங்கள் எல்லாம் நடுவிலேயே இருப்பதால், வெளியே போனவர்கள் தினமும் உள்ளே வந்து திரும்புகிறார்கள். வெளியே போன இடத்தில் நிலத்துக்கு என்ன ஆனது என்பதற்குப் பள்ளிக்கரணையைப் பார்த்தால் போதும். தென்சென்னையின் மழைநீரைத் தாங்கிய சதுப்பு நிலம் பழைய மகாபலிபுரம் சாலையும் அடுக்குமாடிகளும் குப்பைக் கிடங்கும் தின்றது போக மிச்சமிருக்கிறது. மிச்சத்தை 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், நல்லது. பக்கத்து வேளச்சேரிக்காரர்களுக்கு ஒவ்வொரு கார்த்திகையும் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் கார் நிறுத்தும் பருவமாகிவிட்டது.

இப்போது திருமழிசை, மீஞ்சூர், செங்கல்பட்டு, மாமல்லபுரம் என்று புதுநகரங்கள் பேசப்படுகின்றன. மறைமலை நகரைத் துணைநகரமாகத் திட்டமிட்டது முதல் முழுமைத் திட்ட காலத்திலேயே. அங்கே வேலை வந்து சேரப் பல வருடம் பிடித்தது, கார் தொழிற்சாலை வந்த பிறகுதான் ஊர் பிடித்துக்கொண்டது. வேலை முதலில் போகாமல் வீடு மட்டும் போனால் அது தூங்குகிற ஊராகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் உள்ளேயே உயர விடலாமே என்கிறார்கள். 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ., 1.5-லிருந்து 2 ஆகிவிட்டது. அதற்கு மேல் பணம் கட்டினால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., சாலையின் அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை.

மேற்கு மாம்பலத்தில் 30 அடிச் சாலையில் இரண்டு கிரவுண்டு மனை, அதில் எண்பதுகளில் கட்டிய தரைத்தளம் பிளஸ் இரண்டு மாடி, எட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். மனை 4,800 சதுர அடி. பழைய கணக்கில் 7,200 சதுர அடி கட்டலாம், வீட்டுக்கு 900. இப்போதைய கணக்கில் 9,600, பிரீமியத்தையும் வாங்கினால் 12,480. கட்டக்கூடிய பரப்பு 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. இதைக் காட்டித்தான் உயர விடுங்கள், இடம் கிடைக்கும் என்கிறார்கள். நடப்பது வேறு. பில்டர் வந்து யு.டி.எஸ்., அதாவது மனையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு, கணக்குப் பார்த்து, பழைய எட்டு உரிமையாளருக்கும் 1,100, 1,200 சதுர அடியில் புது வீடு தருவதாகப் பேசுகிறார், மீதியில் இரண்டு பெரிய வீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு கோடிகளில் விற்கிறார். எட்டு வீடு பத்தாகிறது. ஆள் கணக்கில் பார்த்தால் பத்துப் பேர்கூடக் கூடியிருக்கமாட்டார்கள், ஏனென்றால் பழைய வீட்டில் வாடகைக்கு இருந்த ஐந்து பேர் குடும்பம் போய், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பெரியவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். கார் மட்டும் நான்கிலிருந்து பதினைந்தாகிறது. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளம் முழுக்க பார்க்கிங், மீதித் தரைக்கெல்லாம் டைல்ஸ், பின்பக்கம் இருந்த கிணறு மூடியாகிவிட்டது, தென்னை போய்விட்டது. வாடகைக்காரக் குடும்பம் கூடுவாஞ்சேரியில் வீடு பார்க்கிறது.

உயர விட்டால் மக்கள்தொகை கூடும் என்பதும், கூடினால் கெடுதல் என்பதும் இரண்டுமே அவசரமாகச் சொல்லப்படுகிற பேச்சு. பரப்பு கூடுகிறது, ஆட்கள் கூடுவதில்லை. நடுவில் வேலை பார்க்கிறவருக்கு நடுவில் வீடு என்ற குறிக்கோளுக்கு எஃப்.எஸ்.ஐ. மட்டும் உதவாது. வீட்டின் அளவுக்கு வரம்பு, ஒரு மனையில் குறைந்தது இத்தனை வீடு என்ற நிபந்தனை, வாடகைக்கான சிறு வீடுகளுக்குச் சலுகை இவையெல்லாம் சேர்ந்தால்தான் உதவும்.

அடுத்தது தரைக்கடியில் இருக்கும் சங்கதி. சென்னையின் பாதாளச் சாக்கடையை 1910-இல் வடிவமைத்தார்கள், 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்ற கணக்கில். 1961 வந்தபோது ஊரில் 17 லட்சம் பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் குழாய் மாற்றினார்கள், பம்பிங் ஸ்டேஷன் கட்டினார்கள், ஆனால் நடுப்பகுதித் தெருக்களில் மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்குவது நின்றபாடில்லை. 2021 நவம்பரில் தி.நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அந்த ஊரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது, தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வரும். ஆனால் எவ்வளவு கட்டலாம் என்பதைச் சாலையின் அகலத்தை வைத்துத்தான் விதி தீர்மானிக்கிறது. சாக்கடைக் குழாயின் விட்டம், மழைநீர் வடிகாலின் சாய்வு, தெருவில் குடிநீர் வருகிற அழுத்தம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. 40 அடிச் சாலையின் கீழே அறுபது வருடத்துக் குழாய் இருந்தாலும் விதிப்படி அது அகலமான சாலை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா? அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்கு அடுக்குமாடிகள் கொடுத்த விலையைக் கேட்டால் புது வீட்டின் பளிங்குத் தரை எல்லாம் மறந்துபோகும்.

உயர விடுவது பொருந்துகிற இடங்களும் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரும் ஓடத் தொடங்கும்போது பனகல் பார்க், கோடம்பாக்கம், வடபழனி, திருமயிலை நிலையங்களைச் சுற்றி நடந்துபோகிற தூரத்தில் மாடி உயர்வது நியாயம். கோடிக்கணக்கில் செலவழித்து மெட்ரோ ரயில் விட்டுவிட்டு நிலையத்துக்கு மேலே இரண்டு மாடியோடு நிறுத்துவது வீண். ஆனால் அங்கே கார் பார்க்கிங் கட்டாயத்தைக் குறைக்க வேண்டும். மெட்ரோ வாசலில் வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் கட்டச் சொன்னால் ரயில் எதற்கு? ஜார்ஜ் டவுன் கதை வேறு. கோவிந்தப்ப நாயக்கன் தெரு மாதிரி இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடங்கள், மேல் மாடிகள் முழுக்கச் சரக்குக் கிடங்கு, தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. அங்கே எஃப்.எஸ்.ஐ. உயர்த்துவதைப் பேசவே கூடாது. கிடங்கை வெளியே எடுத்து, காலியாகும் மாடிகளில் மீண்டும் குடும்பங்கள் வாழ வழி செய்ய வேண்டும்.

மூன்றாவது வழிக்கு யாரும் பேனர் வைப்பதில்லை. அந்நாளைய குடிசை மாற்று வாரியம், இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் நடுப்பகுதி முழுக்க இருக்கின்றன. நிலம் அரசுடையது, மக்கள் அங்கேயே இருக்கிறார்கள், வேலை பக்கத்தில். பல கட்டடங்களில் கம்பி தெரிகிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பிளாக் இடிந்தே விழுந்தது, விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டி வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இவற்றை இடித்து அதே இடத்தில் உயர்த்திக் கட்டினால் பழைய குடும்பங்களுக்குப் பெரிய வீடும் கிடைக்கும், புதிதாகப் பல குடும்பங்களுக்கும் இடம் வரும். சைதாப்பேட்டை தாடண்டர் நகர் மாதிரி அரசு ஊழியர் குடியிருப்புகளிலும் இதே வாய்ப்பு இருக்கிறது. ஒரே கையில் பெரிய மனை இருப்பதால் சாக்கடையையும் மழைநீர்த் தொட்டியையும் மொத்தமாகத் திட்டமிடலாம், மாம்பலத்து இரண்டு கிரவுண்டில் அது முடியாது.

இதிலும் ஓட்டை உண்டு. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே டிவியில் பார்த்தது. இடித்துக் கட்டும் காலத்துக்கு வெளியேறும் குடும்பத்துக்குக் கருணைத் தொகை 24,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,333 ரூபாய், அந்தப் பணத்துக்குச் சென்னையில் ஒரு அறைகூடக் கிடைக்காது. திரும்பி வருவோமா என்ற பயம் மக்களுக்கு இருப்பது நியாயம், அதனால்தான் பல இடங்களில் காலி செய்ய மறுக்கிறார்கள். ஒன்பது மாடிக்கு லிஃப்ட் பராமரிப்பு யார் கட்டுவது என்பது அடுத்த சண்டை. இதெல்லாம் பணமும் அக்கறையும் போட்டால் தீர்கிற குறைகள்: உண்மையான வாடகை கொடுங்கள், எந்தப் பிளாக்கில் எந்த வீடு என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு இடியுங்கள், பராமரிப்புக்கு நிரந்தர நிதி வையுங்கள். வெளியே அனுப்பியதில் போன மூன்றாவது வீட்டு வேலையையும் பள்ளியை விட்ட பிள்ளையின் படிப்பையும் எந்த நிதியாலும் திருப்பித் தர முடியாது.

செலவில் மூன்றையும் ஒப்பிட்டால், புதுநகரத்துக்குச் சாலை, குழாய், பள்ளி, பேருந்து எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும். நடுவில் பழைய பிரதானக் குழாயை மாற்றுவதும் சுலபமில்லை, தெருவை மாதக்கணக்கில் தோண்ட வேண்டும், கடைக்காரர்கள் திட்டுவார்கள். ஆனாலும் அந்தக் குழாயை நாம் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போதே அடுத்த இருபது வருடத்துக் கூட்டத்தைக் கணக்கில் வைத்து மாற்றி, எந்தத் தெரு தயார், எந்தத் தெரு இன்னும் இல்லை என்று வார்டு வாரியாக வரைபடம் வெளியிட்டால், பிளான் அப்ரூவலையும் அதோடு கட்டிப்போடலாம். மூன்றாம் முழுமைத் திட்டத்தில் நான் முதலில் தேடப்போவது இந்த வரைபடத்தைத்தான்.

இரண்டாவதாகத் தேடப்போவது கோயம்பேடு. வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பகுதி போன பிறகு அங்கே முப்பது ஏக்கருக்கு மேல் அரசு நிலம் கைக்கு வருகிறது, மெட்ரோ வாசலில், மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில். பூங்கா வேண்டும் என்று ஒரு குரல், வணிக வளாகம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு. என்னைக் கேட்டால் ஒரு பகுதியை மழைநீர் தேங்கும் குளத்தோடு பூங்காவாக விட்டுவிட்டு, மீதியில் சந்தையில் இரவு இரண்டு மணிக்கு மூட்டை இறக்குகிறவர்களுக்கும், மருத்துவமனைகளில் ஷிஃப்ட் பார்க்கிற நர்சுகளுக்கும், புதிதாக ஊருக்கு வரும் இளைஞர்களுக்கும் 350, 500 சதுர அடியில் வாடகை வீடுகள் கட்ட வேண்டும், விற்பனைக்கு ஒன்றுகூட இல்லாமல். தனியாருக்கு ஒருமுறை விற்றுவிட்டால் நடுப்பகுதியில் இப்படி ஒரு நிலம் அரசுக்குத் திரும்பக் கிடைக்காது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது அந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் போய் இதைக் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.