பன்னிரண்டு பாடல்களும் ஐம்பது ஆண்டுகளும்: ஸ்குவீஸ் குழுவின் பழைய தொகுப்பு குறித்து ஒரு மதிப்புரை

1970களின் இறுதியில் பங்க் ராக்கையடுத்து எழுந்த ‘நியூ வேவ்’ எனும் ராக் இசைப் பாணியைச் சேர்ந்த இங்கிலாந்துக் குழுக்களில் இன்றுவரை மேடையேறிக்கொண்டிருக்கும் மிகச் சிலவற்றுள் ஒன்றான ஸ்குவீஸைப் புதிதாகக் கேட்க விரும்புபவர், எந்த இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம் என்று ரசிகர்களிடம் விசாரித்தால், அநேகமாக எல்லோரும் 1982ஆம் ஆண்டு ஏ அண்ட் எம் நிறுவனம் வெளியிட்ட ‘சிங்கிள்ஸ்: 45'ஸ் அண்ட் அண்டர்’ என்ற தொகுப்பையே கைகாட்டுவார்கள். நிமிடத்துக்கு 45 சுற்றுகள் சுழலும் சிறு தட்டுகளாக 1978 முதல் 1982 வரை தனித்தனியே வெளிவந்த 12 பாடல்கள் இதில் இருக்கின்றன. அந்த ஆண்டில் குழு கலைந்துவிட்டது. கணக்கை முடித்து வைக்கும் நோக்கத்தோடுதான் தொகுப்பும் வெளியிடப்பட்டது. ஆனால் நடந்தது வேறு. பிரிட்டனில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது. அதுவரை இவர்களுடைய ஒரு பாடல்கூட முதல் 40 இடங்களுக்குள் நுழைந்திராத அமெரிக்காவிலோ, பத்து லட்சம் பிரதிகளைக் குறிக்கும் பிளாட்டினம் சான்றிதழையே பெற்றுவிட்டது. கலைந்த குழு மீண்டும் கூடியதற்கும், அதன் பின்னர் அவர்கள் செய்த எதுவும் இந்தத் தொகுப்போடு ஒப்பிட்டே எடைபோடப்பட்டதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதை வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை எளிதாக இருந்தாலும், இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்கிழக்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றையொட்டிய கிரீனிச், டெப்ட்ஃபோர்ட் பகுதிகளில் பிறந்த கதை இது. 1973இல் கிறிஸ் டிஃபோர்ட் என்ற இளைஞர் தம் தாயின் பணப்பையிலிருந்து 50 பென்ஸை எடுத்து, ஒரு மிட்டாய்க் கடையின் சன்னலில், தம் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவர் தேவை என்று விளம்பரம் வைத்தார். குழு என்று அப்போது எதுவும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து வந்தவரும் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் க்ளென் டில்புரூக், வயது பதினாறைத் தாண்டவில்லை. மறு ஆண்டில் குழு உருவாயிற்று. பின்னாளில் பி.பி.சி. தொலைக்காட்சியின் இசை நிகழ்ச்சியால் பெரும்புகழ் பெற்ற ஜூல்ஸ் ஹாலண்ட் கீபோர்டு வாசித்தார். டிரம்ஸுக்குக் கில்சன் லேவிஸ் வந்து சேர்ந்தார். இசைக்கலைஞர்கள் வருவதும் போவதுமாக இருந்த இந்தக் குழுவில் எல்லாக் காலத்துக்கும் பொதுவாக நின்றது டிஃபோர்ட், டில்புரூக் என்னும் இந்த இணைதான். அவர்கள் வேலை செய்யும் முறையைப் புரிந்துகொண்டால் இத்தொகுப்பின் சுவை இருமடங்காகும்.

ராக் இசையில் வழக்கமாக முதலில் கிட்டாரில் ஒரு மெட்டு அமைகிறது, சொற்கள் பிறகு அதில் பொருத்தப்படுகின்றன. ஸ்குவீஸில் இது தலைகீழ். டிஃபோர்ட் பாடல் வரிகளை முழுமையாக எழுதி முடித்து டில்புரூக்கிடம் கொடுத்துவிடுவார். டில்புரூக் தனியே உட்கார்ந்து அவற்றுக்கு மெட்டமைப்பார். ஒரே வீட்டில் குடியிருந்த நாட்களில்கூட ஒருவர் மேல்மாடியில் எழுதினார், மற்றவர் கீழே மெட்டமைத்தார். இவ்வாறு எழுதப்படும் வரிகளுக்குப் பல்லவியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. கதை போகும் வழியில் வரிகள் போகும், மெட்டு அதைத் துரத்திக்கொண்டு ஓடும். சொல் நீளும் இடத்தில் சுருதி திடீரென்று மாறுவதும், எதிர்பாராத ஸ்வரக் கூட்டுகள் வந்து விழுவதும் டில்புரூக்கின் இசையில் அடிக்கடி நிகழ்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பாடும்போது இருவர் குரலும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்தொலிக்கும்: டில்புரூக் மேலே தேன்போல, டிஃபோர்ட் கீழே கரகரப்பாக. முதல் பாடலான ‘டேக் மீ ஐ'ம் யுவர்ஸ்’ ஒலிக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே இந்த இரட்டைக் குரலைக் கேட்டுவிடலாம்.

அந்தப் பாடலுக்குப் பின்னால் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. முதல் ஆல்பத்தைத் தயாரிக்க வந்தவர் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவிலிருந்த ஜான் கேல். இவர்கள் சேர்த்து வைத்திருந்த பாடல்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார் அவர். கடைசியில் வெற்றி பெற்றதோ, அவர் கைபடாமல் குழுவினர் தாங்களே தயாரித்த இந்தப் பாடல்தான். 1978இல் அது பிரிட்டனில் 19ஆம் இடத்தைப் பிடித்தது.

தொகுப்பின் உச்சம் 1979ஆம் ஆண்டின் இரு பாடல்கள். இரண்டுமே இரண்டாம் இடத்தோடு நின்றன. ‘கூல் ஃபார் கேட்ஸ்’ முதலிடத்துக்குப் போகும் வழியை அமெரிக்கப் பாடகர் ஆர்ட் கார்ஃபங்கலும், ‘அப் த ஜங்ஷன்’ பாடலின் வழியைக் கேரி நியூமனின் ட்யூப்வே ஆர்மியும் மறித்தார்கள். முன்னதில் டிஃபோர்டே முதன்மைக் குரல். தெற்கு லண்டன் உச்சரிப்பை எந்த மெருகும் ஏற்றாமல், பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும், மூச்சுவிட இடமின்றி அவர் வரிகளைக் கொட்டுகிறார். தொலைக்காட்சியில் பார்த்த கௌபாய் சண்டை, போலீஸ் கார் துரத்தல், மதுக்கடையில் பெண்கள் முன் அடிக்கும் வீறாப்பு என்று சரணத்துக்குச் சரணம் காட்சி மாறுகிறது. ஒரு இளைஞனின் சவடாலை உள்ளிருந்து பேசியபடியே அதைக் கேலியும் செய்யும் நுட்பத்தை முதல்முறை கேட்பவர் தவறவிடக்கூடும்.

‘அப் த ஜங்ஷன்’ வேறு வகை. மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஒரு சிறுகதை முழுவதும் சொல்லி முடிக்கப்படுகிறது. கிளாபம் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்ணை ஒருவன் சந்திக்கிறான், இருவரும் ஒரு சிறிய அறையில் குடித்தனம் தொடங்குகிறார்கள், அவன் வேலைக்குப் போய்க் காசு சேர்க்கிறான், பெண்குழந்தை பிறக்கிறது, அவன் குடியில் விழுகிறான், அவள் குழந்தையோடு வேறொருவனிடம் போய்விடுகிறாள். பல்லவியே கிடையாது. இக்கட்டில் மாட்டிக்கொண்டதைக் குறிக்கும் தலைப்புத் தொடர் பாட்டின் கடைசி வரியில் ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதோடு பாட்டும் முடிந்துவிடுகிறது. பதிவு நிறுவனங்கள் பல்லவியை நம்பியே பாடல்களை விற்ற காலத்தில் இதைத் தனிப்பாடலாக வெளியிட்டதே ஒரு துணிச்சல். இன்னும் கவனிக்க வேண்டியது மெட்டு: துயரக் கதைக்குரிய சாயல் எதுவும் அதில் இல்லை. தொடக்கத்தில் ஒலிக்கும் கம்பீரமான கீபோர்டுத் தொடர், கதை இருண்டபின்னும் அதே மிடுக்கோடு திரும்பி வருகிறது. தன் வாழ்க்கை எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்பது சொல்பவனுக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை என்பதை அந்த முரணே உணர்த்திவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது நியூ ஆர்லியன்ஸில், வீட்டு நினைவில் டிஃபோர்ட் எழுதிய வரிகள் இவை. இந்த ஒரு பாடலுக்காகவே தொகுப்பை வாங்கலாம்.

1980ஆம் ஆண்டின் ‘ஆர்கிபார்கி’ ஆல்பத்திலிருந்து இரு பாடல்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. ‘அனதர் நெயில் இன் மை ஹார்ட்’ பாடலில், பாதிக்கு மேல் வரவேண்டிய கிட்டார் தனி வாசிப்பை முதல் பல்லவி முடிந்தவுடனேயே டில்புரூக் வாசித்துவிடுகிறார். மனப்பாடமாக முணுமுணுக்கத்தக்க அளவுக்கு அது வடிவமுள்ள வாசிப்பு. ‘புல்லிங் மஸல்ஸ்’ கென்ட் கடற்கரையின் விடுமுறை முகாம் ஒன்றைச் சித்திரிக்கிறது. இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்கள் கோடையில் கூடும் அத்தகைய இடங்களின் மணலையும் சலிப்பையும் திருட்டுக் காதலையும் இவ்வளவு அன்போடு எழுதியவர்கள் குறைவு. நடுவில் ஹாலண்டின் பியானோ துள்ளுகிறது. இது 44ஆம் இடத்தைத் தாண்டவில்லை என்பதை நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. விற்பனைப் பட்டியல்களின் நியாயம் அவ்வளவுதான்.

ஹாலண்ட் விலகியபின் அவர் இடத்துக்குப் பால் கேரக் வந்தார். 1981இல் வெளிவந்த ‘ஈஸ்ட் சைட் ஸ்டோரி’ ஆல்பம், நான்கு தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு பக்கமாக உருவாக்கும் இரட்டைத் தட்டாகவே முதலில் திட்டமிடப்பட்டது. திட்டம் சுருங்கி, ஒரு பாடலைத் தவிர மற்றவை எல்லாம் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவும் ரோஜர் பெஷீரியனும் தயாரித்தவையாக முடிந்தன. ‘டெம்ப்டட்’ பாடலைக் கேரக்கிடம் பாடக் கொடுத்தது அவர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு. விமான நிலையத்துக்குப் போகும் டாக்சியில் எழுதப்பட்ட அந்த வரிகள் பயணப்பையில் அடுக்கும் சாமான்களின் பட்டியலாகத் தொடங்குகின்றன. கேரக்கின் சோல் இசைப் பாணிக் குரல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டுமுறை அது) அந்தச் சாதாரணப் பட்டியலுக்கே ஒரு குற்றவுணர்வை ஏற்றிவிடுகிறது. இரண்டாம் சரணத்தில் காஸ்டெல்லோவும் டில்புரூக்கும் சில வரிகளை மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். தலையணி ஒலிப்பானில் கேட்டால் மூன்று குரல்களும் தெளிவாகப் பிரிந்து விழும். ‘லேபிள்ட் வித் லவ்’ அமெரிக்கக் கன்ட்ரி பாணியில் அமைந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானியை மணந்து டெக்சாஸுக்குப் போய், பின்பு தனியாக ஊர் திரும்பி மதுவில் மூழ்கும் மூதாட்டி ஒருத்தியின் கதை. பிரிட்டனில் அது நான்காம் இடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அவர்களுடைய எந்தப் பாடலும் அங்கே முதல் பத்துக்குள் வரவில்லை. எனக்கு அதில் கண்ணீர் சற்று அதிகம். ஆனால் மேடையில் இதைத்தான் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடுகிறது.

இறுதிப் பகுதி தளர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘பிளாக் காபி இன் பெட்’ நல்ல பாடல்தான். காஸ்டெல்லோவும் பாடகர் பால் யங்கும் பின்குரல் தருகிறார்கள். ஆனால் சிக்கனத்துக்குப் பேர்போன குழு ஒன்றின் பாடல் ஆறு நிமிடம் நீள்வது களைப்பின் அடையாளமாகவே ஒலிக்கிறது. ‘ஆனி கெட் யுவர் கன்’ சுறுசுறுப்பாக ஓடுகிறது, மனதில் நிற்பதில்லை. அது எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இடம்பெறாத பாடல் என்பதால் சேகரிப்போருக்குப் பயன்படும்.

தொகுப்பாக நோக்கும்போது ஏறக்குறையக் கால வரிசையில் பாடல்களை அடுக்கியிருப்பது பெரிய நன்மை. முரட்டுச் சின்தசைசரிலிருந்து முதிர்ந்த சோல் இசை வரை ஐந்தே ஆண்டுகளில் இவர்கள் நடந்த தூரம் ஒரே மூச்சில் புலப்படுகிறது. குறை என்னவென்றால், தனிப்பாடல்களாக வெளிவராதவை எல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன. ‘ஈஸ்ட் சைட் ஸ்டோரி’ ஆல்பத்திலுள்ள ‘உமன்ஸ் வேர்ல்ட்’, ‘வேனிட்டி ஃபேர்’ ஆகியவற்றைக் கேட்காதவருக்கு டிஃபோர்ட் பெண்களின் வாழ்க்கையை எவ்வளவு கூர்ந்து எழுதியவர் என்பது தெரியாமலே போகும்.

அதைவிடப் பெரிய குறை, கதை 1982இல் நின்றுவிடுவது. 1985இல் குழு மீண்டும் கூடியது. 1987இல் ‘அவர்கிளாஸ்’ அமெரிக்காவில் 15ஆம் இடத்தைப் பிடித்து, அங்கே அவர்களுடைய மிகப் பெரிய வெற்றியாயிற்று. 1993இல் வந்த ‘சம் ஃபன்டாஸ்டிக் பிளேஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடலை, அந்த மிட்டாய்க் கடை விளம்பரத்துக்குப் பதில் சொல்லும்படி டில்புரூக்கைத் தூண்டிய தோழி இறந்தபின் எழுதினார்கள். இந்த இணையின் ஆகச் சிறந்த பாடல் அதுவே என்று எவரேனும் வாதிட்டால் மறுக்க எனக்கு மனம் வராது. 1999இல் மீண்டும் பிரிந்தார்கள், 2007இல் மீண்டும் சேர்ந்தார்கள். 2016 சனவரியில் பி.பி.சி.யின் ஆண்ட்ரூ மார் நிகழ்ச்சியில், பிரதமர் டேவிட் கேமரன் அரங்கில் அமர்ந்திருக்க, ‘கிரேடில் டு த கிரேவ்’ பாடலின் வரிகளை டில்புரூக் மாற்றி அரசின் வீட்டுவசதிக் கொள்கையை முகத்துக்கு நேரே சாடினார். ஐம்பது ஆண்டு வரலாற்றில் இவையெல்லாம் அடங்கும். தொகுப்பில் இவற்றின் சுவடே இல்லை.

மாற்றாக எதை வாங்கலாம்? 1992இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் ‘அவர்கிளாஸ்’ உள்ளிட்ட பிற்காலப் பாடல்களும் கிடைக்கின்றன, ஆனால் பழைய தொகுப்பின் இறுக்கம் அதில் இல்லை. 2010இல் வந்த ‘ஸ்பாட் த டிஃபரன்ஸ்’ விசித்திரமான முயற்சி. பழைய பதிவுகளின் உரிமை நிறுவனத்திடம் சிக்கியிருந்ததால், விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் தாங்களே உரிமம் தரும் வகையில், தங்கள் பழைய பாடல்களை அச்சு அசலாக மீண்டும் பதிவு செய்தார்கள். அன்றைய கருவிகளின் ஒலியைத் தேடிப் பிடித்து ஒத்திசைத்த டில்புரூக்கின் உழைப்பை மெச்ச வேண்டும். எனினும் இருபது வயதில் பாடிய அவசரத்தை ஐம்பது வயதில் நகலெடுக்க முடியவில்லை. பாடல்களுக்கு வரும் பணம் எழுதியவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை வாங்கலாம், கேட்டு மகிழ நினைப்பவர்களுக்கு 1982ஆம் ஆண்டுத் தொகுப்பே போதும். அதையடுத்து ‘ஈஸ்ட் சைட் ஸ்டோரி’ ஆல்பத்தை முழுதாகவும், பின்னர் ‘சம் ஃபன்டாஸ்டிக் பிளேஸ்’ ஆல்பத்தையும் கேட்பது நல்லது. ‘ஆனி கெட் யுவர் கன்’ பாடலைத் தாவிச் செல்வதால் நட்டம் ஒன்றுமில்லை.