பிளேஃபெயார் டிஸ்பிளே: தலைப்புக்கு ராஜா, தொலைபேசி எண்ணில் வில்லங்கம்

கல்யாண அழைப்பிதழ், நகைக்கடை விளம்பரம், ஹோட்டல் மெனு. இவற்றில் எதற்காவது "கொஞ்சம் ரிச்சாக இருக்கட்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், டிசைனர் முதலில் தேடிப் போகும் எழுத்துருக்களில் ஒன்று பிளேஃபெயார் டிஸ்பிளே. பெரிய அளவில் இதன் அழகுக்குக் குறை சொல்ல முடியாது. கொழும்பில் ஒரே அட்டையில் மூன்று மொழிகள் வருவதால்தான் சிக்கல் தொடங்குகிறது.

கிளாவுஸ் எகர்ஸ் சோரன்சன் வரைந்த இந்த எழுத்துரு 2011இல் கூகுள் ஃபொன்ட்ஸில் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறகுப் பேனா போய்க் கூர்முனை உலோகப் பேனா வந்த காலத்தின் சாயல் இதில் இருக்கிறது. அதே நூற்றாண்டின் ஆங்கிலேய அச்சாளர் ஜோன் பாஸ்கர்வில்லின் எழுத்துகளும் முன்மாதிரி. செங்குத்துக் கோடு தடிப்பாகவும் குறுக்குக் கோடு மயிரிழையாகவும் வரும். டிடோ, பொடோனி எழுத்துரு வகைகளில் செரிஃப், அதாவது கோட்டின் முனையில் வரும் சிறு கால், வெட்டியது போல நேராக நிற்கும். இதில் தண்டோடு சிறு வளைவாகச் சேர்கிறது. அதனால் பகட்டு இருந்தாலும் விறைப்பு இல்லை. சிறிய எழுத்துகளின் உடல் உயரமானது, கீழே இறங்கும் வால் குட்டை. தலைப்பு வரிகளை 1.1 மடங்கு இடைவெளியில் நெருக்கி அடுக்கினாலும் இடிக்காது. சாய்வெழுத்தில் வரும் 'அண்ட்' குறி தனி நகை; மணமக்கள் பெயருக்கு நடுவே அதைப் பெரிதாக வைத்தாலே பாதி அலங்காரம் முடிந்துவிடும்.

வில்லங்கம் இலக்கங்களில். இயல்பாக வருபவை பழைய பாணி இலக்கங்கள்: 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே இறங்கும், பூச்சியம் சிறிய ஆங்கில 'ஓ' அளவுக்குக் குறுகும். "கொழும்பு 06" என்ற முகவரியும் பூச்சியத்தில் தொடங்கும் கைத்தொலைபேசி எண்ணும் எழுத்துப் பிழை போலத் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஓப்பன்டைப் பட்டியலுக்குள், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும் 'லைனிங்' இலக்கங்களைத் தெரிவு செய்யுங்கள். வேர்டில் ஃபொன்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் அதே வசதி உண்டு. அது இல்லாத செயலியென்றால் எண்களுக்கு வேறு எழுத்துரு போடுவதே நல்லது.

இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. யூனிகோடில் தட்டினால் விண்டோஸ் பெரும்பாலும் நிர்மலாவையோ லதாவையோ கொண்டுவந்து ஒட்டும். ஒரே தடிப்பிலான அந்த எழுத்துகள் பக்கத்தில் நின்றால் ஆங்கிலம் பட்டுவேட்டி, தமிழ் சாரம் கட்டியது போலாகிவிடும். தடிப்பில் அளவான ஏற்ற இறக்கம் உள்ள நோட்டோ செரிஃப் தமிழ் பொருத்தமான துணை. 100 முதல் 900 வரை எடை (தடிப்பளவு) இருப்பதால் ஆங்கிலத்தின் கருமைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். புள்ளி அளவை நம்பாமல் 'ப'வின் உயரத்தைப் பாருங்கள்: ஆங்கிலச் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் நடுவில் அது நின்றால் சரி. வரி இடைவெளியைத் தமிழுக்கு 1.4 அளவுக்கு விடுங்கள். இல்லாவிட்டால் 'ணு', 'மூ' எல்லாம் கீழ்வரிப் புள்ளியில் முட்டும். வேர்டில் தமிழின் எழுத்துருவையும் அளவையும் 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் தனியாகக் கொடுக்க வேண்டும். சிங்களத்துக்கு அபய லிப்ரே இருக்கிறது.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பென்றால் இன்னும் கவனம். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முழுப் பந்தியையும் தெரிவு செய்து பிளேஃபெயாருக்கு மாற்றினால் மாப்பிள்ளை வீட்டார் பெயர் அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியலாகிவிடும். முதலில் யூனிகோடாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இணையத்தளத்திலும் இதே வகைப் பொறி உண்டு. எழுத்துரு வரிசையில் பிளேஃபெயாரை முதலில் போட்டால் தமிழ் வரியின் காற்புள்ளியும் மேற்கோள் குறியும் இலக்கமும் அதிலிருந்தே வரும். தமிழ்ப் பகுதிகளுக்குத் தனி விதி எழுதி அங்கே தமிழ் எழுத்துருவை முன்னால் வையுங்கள்.

அச்சில் எதிரி மயிரிழைதான். 18 புள்ளிக்குக் கீழே இதைக் கொண்டுபோக வேண்டாம். நான்கு நிறம் கலந்த கறுத்த பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால், தகடுகள் இம்மியளவு விலகினாலும் மெல்லிய கோட்டில் மை புகுந்து அடைத்துவிடும். பின்னணியை ஒரே மையில் அடிக்கலாம், அல்லது போல்ட் எடைக்கு ஏறலாம். தங்க ஃபாயிலுக்கு 0.5 புள்ளிக்கு மெலிந்த கோடு ஆபத்து. சொரசொரப்பான அட்டையில் அது துண்டு துண்டாகவே பிடிக்கும். போல்ட் கோப்பை நிறுவாமல் 'பி' பொத்தானை அமுக்கினால் மென்பொருள் தானே பூசி மெழுகிய போலித் தடிப்புத்தான் கிடைக்கும். காலி வீதிப் பக்கம் கடைப் பலகைக்கு வினைல் வெட்டும்போது உரித்தெடுக்கையிலேயே மெல்லிய குறுக்குக் கோடுகள் கையோடு வந்துவிடும். பலகைக்கு பிளாக் எடையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறிய அளவும் வேண்டுமென்றால் 'டிஸ்பிளே' இல்லாமல் வெறும் 'பிளேஃபெயார்' என்ற பெயரில் இருக்கும் புதிய பதிப்பை எடுங்கள். இது வேரியபிள் எழுத்துரு: பல எடைகளும் ஒரே கோப்பில் அடங்கும். எடை 300 முதல் 900 வரை. எழுத்தின் அளவுக்கேற்ப மயிரிழையைத் தடிப்பாக்கும் வசதியும் இதில் உண்டு. மெனுவில் சாப்பாட்டின் பெயருக்கு டிஸ்பிளே, கீழேயுள்ள சிறு விளக்கத்துக்கு இது என்று கலந்தால் குடும்ப ஒற்றுமை கெடாது. இரண்டுமே திறந்த உரிமத்தில் இலவசம். லோகோவுக்கும் வியாபார அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது.